வண்டிக்கு எச்சரிக்கை விளக்கு: ஹாலஜனா, ஸ்ட்ரோபா, எல்இடியா?

கடைக்குப் போய் “வண்டி மேல வைக்கிற சைரன் லைட்டு வேணும்” என்று கேட்டால், கடைக்காரர் நாலைந்தை எடுத்து மேசையில் வைத்து ஒவ்வொன்றாக எரியவிடுவார். எது கண்ணை அதிகமாகப் பறிக்கிறதோ அதை வாங்கிக்கொண்டு வருபவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். கடைக்குள் ஆறடி தள்ளி நின்று பார்க்கும் கண் வேறு. ராத்திரி பதினொரு மணிக்கு, ரெட்டிச்சாவடி பக்கம், கொட்டுகிற மழையில் எண்பதில் பஸ் ஓட்டி வருபவரின் கண் வேறு. அவருக்கு மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும். ரோட்டில் ஏதோ நிற்கிறது. அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது. அதைச் சுற்றி ஆள் இருக்கிறார்களா. முதல் விஷயத்தை எந்த விளக்கும் சொல்லிவிடும். மற்ற இரண்டில்தான் விளக்குக்கு விளக்கு வித்தியாசம் வருகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜேசிபி, டிப்பர், டேங்கர், ரெக்கவரி வண்டி என்று கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ஓடும் பெரும்பாலான வண்டிகளுக்கு இன்றைக்கு நல்ல ஆம்பர் (இண்டிகேட்டர் மஞ்சள்) எல்இடிதான் சரி. ஆனால் மட்டமான எல்இடிக்கு நல்ல ஹாலஜன் சுழல் விளக்கு எவ்வளவோ மேல். கேமரா பிளாஷ் போலப் பளிச்சிடும் ஸ்ட்ரோபை இனிமேல் புதிதாக வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஏன் என்பதையும், எப்படித் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது என்பதையும் வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: விளக்குக்கு முன்னால் டேப்

சுழல் விளக்கு என்பது கடைசி அடுக்கு. டெயில் லைட் எரிகிறதா, ஹசார்ட் வேலை செய்கிறதா, வண்டியைச் சுற்றி ரிஃப்ளெக்டர் டேப் இருக்கிறதா, கேபினுக்குள் முக்கோணப் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். டேப்புக்கு ஏஐஎஸ் 090 என்ற இந்திய வாகனத் தரம் உண்டு. முன்பக்கம் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்பக்கம் சிவப்பு. அதற்குப் பேட்டரி வேண்டாம், ஃபியூஸ் வேண்டாம். எதிராளியின் ஹெட்லைட்டே அதை எரிய வைக்கிறது. அதை விட்டுவிட்டுக் கூரையில் விளக்கை மாட்டுவது வேஷ்டி இல்லாமல் தலைப்பாகை கட்டுவதுதான்.

அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களைக் கவனித்துப் பாருங்கள். சிலர் அக்கறையாக டிராக்டர் கூரையில் ஆம்பர் விளக்கு மாட்டியிருப்பார்கள். முன்னாலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். பின்னால் டிரெய்லரில் கரும்பு கூரையைத் தாண்டி மேலே நிற்கும். பக்கவாட்டிலும் சோகை பிதுங்கித் தொங்கும். பின்னால் வரும் பைக்காரருக்கு அந்த விளக்கு தெரியவே தெரியாது. டிரெய்லரின் சொந்த டெயில் லைட்டோ, டிராக்டரின் ஏழு முனை சாக்கெட்டில் செருகப்படாமல் கயிற்றோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடக்கும். இந்த வண்டிக்குத் தேவை கூரையில் பெரிய விளக்கு இல்லை. சாக்கெட்டைச் சரிசெய்து, டெயில் லைட்டை எரியவைத்து, பின்சட்டத்தில் கரும்பு மறைக்காத உயரத்தில் ஒரு சின்ன எல்இடி பிளிங்கரும் சிவப்பு டேப்பும் ஒட்டினால் போதும். செலவும் குறைவு.

படி 2: வகைக்கு முன்னால் நிறம்

நிறத்தில் நமக்குத் தேர்வு குறைவு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108-ஆவது விதி இதைப் பற்றிப் பேசுகிறது. 2017 மே 1 முதல் அமைச்சர், அதிகாரி என்று யார் காரிலும் சிவப்புச் சுழல் விளக்கு கிடையாது என்று ஆனது. சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த விளக்கு தீயணைப்பு, சட்டம் ஒழுங்கு வேலையில் இருக்கும் போலீஸ், ராணுவம், துணை ராணுவம், பேரிடர் மேலாண்மை ஆகிய அவசர வேலைக்கான வண்டிகளுக்கு மட்டும். ஆம்புலன்ஸுக்கு அதே விதியில் தனி ஏற்பாடு உண்டு. அதன் உடற்கட்டு முழுவதற்கும் ஏஐஎஸ் 125 என்ற தரம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் கட்டுபவர்கள் அந்தத் தரப்படிதான் விளக்கும் போட வேண்டும். ஜிப்மருக்கு நோயாளியை ஏற்றிப் போகும் தனியார் வேனாக இருந்தாலும் சொந்த யோசனையில் விளக்கு மாற்றும் வேலை வேண்டாம்.

மற்ற எல்லாருக்கும் ஆம்பர்தான். கட்டுமான வண்டி, கிரேன், ரெக்கவரி வண்டி, சாலைப் பராமரிப்பு வண்டி எல்லாம் இந்த நிறத்தில்தான் பழகியிருக்கின்றன. எதிரே வருபவருக்கும் அதைப் பார்த்ததும் ‘இங்கே ஏதோ வேலை நடக்கிறது’ என்று பிடிபடும். சிவப்பும் நீலமும் கலந்த பட்டை விளக்கைக் கேட்ட மாத்திரத்தில் கடையில் எடுத்துத் தருகிறார்கள் என்பதற்காக அதைச் சாலையில் போட்டுக்கொள்ளலாம் என்று ஆகாது. சொந்தக் காருக்கு அழகுக்காக எந்த நிறமும் வேண்டாம்.

ஆம்பரைக்கூட வண்டியில் நிரந்தரமாகப் பொருத்தும் முன் உங்கள் பதிவு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். டிஎன் 31 வண்டி முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போவதும், பிஒய் 01 வண்டி கடலூர் சிப்காட்டுக்கு வருவதும் தினம் நடப்பது. சட்டம் ஒன்றுதான். ஆனால் கேள்வி கேட்பவர் இரண்டு பக்கமும் வேறு வேறு ஆள். காகிதம் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

படி 3: மூன்றும் எப்படி எரிகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கிவிடும். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஹாலஜன் சுழல் விளக்கில் பல்ப் எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கிறது. சுற்றுவது அதைச் சுற்றியிருக்கும் கிண்ணம் போன்ற ரிஃப்ளெக்டர். அடியில் ஒரு சின்ன மோட்டார் அதை நிமிடத்துக்கு 160 வாக்கில் சுற்றிவிடுகிறது. புதுச்சேரிக் கடற்கரையில் கலங்கரை விளக்கத்தின் ஒளி திரும்பித் திரும்பி வருவதுபோல, ஒளிக்கற்றை உங்களை நோக்கி வந்து, ஏறி, இறங்கி, கடந்துபோகிறது. இந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்கு இதமானது. விளக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்று மூளை சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். பழைய டிரைவர்கள் “சுத்துற லைட்டுதான் நல்லா தெரியும்” என்று சொல்வதில் உண்மை இருக்கிறது.

சிக்கல் மற்றதில். சிப்காட் பக்கம் ஓடும் ஒரு ஜேசிபியின் பழைய சுழல் விளக்கைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் புரியும். மேல்மூடியான டோமைத் திருகி எடுத்ததும் உள்ளே செம்மண் தூசி ஒரு பூச்சாகப் படிந்திருக்கும். ஓரத்தில் ஈசல் இறக்கை. ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு ஒரு பக்கம் தவிட்டு நிறமாகியிருக்கும். மோட்டார் ஊங் என்று ஓடும், ஆனால் அதையும் ரிஃப்ளெக்டரையும் இணைக்கும் ரப்பர் வளையம் தளர்ந்து வழுக்குவதால் கிண்ணம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். கேபினில் இருக்கும் ஆபரேட்டருக்கு சுவிட்ச் போட்டால் விளக்கு எரிகிறது என்றுதான் தெரியும். பின்னால் வருபவருக்கு அது அணைந்த விளக்கு.

பல்ப் பெரும்பாலும் எச்1 வகை. 12 வோல்ட்டில் 55 வாட், 24 வோல்ட்டில் 70 வாட். ஆயுள் சில நூறு மணி நேரம். இரவில் எட்டு மணி நேரம் எரியும் வண்டியில், 300 மணி நேரம் தாங்கும் பல்பு நாற்பது நாள் முழுசாக வராது. குலுங்கும் வண்டியில் இழை இன்னும் சீக்கிரம் அறும். ஒரே ஆறுதல், எந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடையிலும் பல்ப் கிடைக்கும், டிரைவரே மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் கூடுதலாகச் சூடாகி பல்ப் வெடிக்கும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுப் போடுங்கள். இன்னொன்றும் உண்டு: வெள்ளை ஒளியை ஆம்பர் டோம் வழியாக வடிகட்டுவதால் பல்ப் தரும் வெளிச்சத்தில் ஒரு பங்கு பிளாஸ்டிக்கிலேயே போய்விடுகிறது.

ஸ்ட்ரோபில் இழை கிடையாது. கண்ணாடிக் குழாய்க்குள் ஸெனான் வாயு. உள்ளே இருக்கும் சர்க்யூட் பேட்டரியின் 12 வோல்ட்டைச் சில நூறு வோல்ட்டாக ஏற்றி ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்து வைக்கிறது. பிறகு ஆயிரக்கணக்கான வோல்ட்டில் ஒரு தூண்டல் கொடுத்ததும் மொத்தமும் ஒரே பளிச்சாக வெளியேறுகிறது. கேமரா பிளாஷும் இதே சங்கதிதான். பகல் வெயிலில் இந்தப் பளிச் பிரமாதமாகத் தெரியும். ராத்திரியில்தான் வினை. மில்லி விநாடிக்கும் குறைவான நேரம் தெரிந்து மறையும் ஒளியைக் கண் பின்தொடர முடியாது. ‘அங்கே ஏதோ மின்னுகிறது’ என்று தெரியும், நூறு மீட்டரா முந்நூறு மீட்டரா என்று கணிக்க முடியாது. மழையில் ஒவ்வொரு பளிச்சுக்கும் சுற்றியுள்ள துளிகள் எல்லாம் சேர்ந்து மின்னி ஒரு வெள்ளைத் திரையாகிவிடும். நாளாக ஆக குழாயின் இரண்டு முனையும் கறுத்து வெளிச்சம் குறையும். மாற்றுக் குழாய் தேடி அலைய வேண்டும்.

பழைய ஸ்ட்ரோப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுவிட்சை அணைத்த உடனே அதைப் பிரித்துக் கை வைக்காதீர்கள். கெப்பாசிட்டரில் நின்றிருக்கும் மின்சாரம் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு நன்றாகக் காத்திருந்து, பழகிய எலக்ட்ரீஷியன் கையால்தான் அதைத் திறக்க வேண்டும்.

எல்இடியில் ஒளி தரும் சின்னத் துண்டுக்குச் சில் (சிப்) என்று பெயர்; நிறம் அந்தச் சில்லிலிருந்தே ஆம்பராக வருகிறது. வடிகட்டும் வேலை இல்லை என்பதால் 15 வாட்டில் ஒரு நல்ல பீக்கன், அதாவது கூரைமேல் வைக்கும் எச்சரிக்கை விளக்கு, 55 வாட் ஹாலஜனுக்கு ஈடுகொடுக்கும். சுற்றும் பாகம் கிடையாது, அறுந்துபோக இழை கிடையாது. 10 முதல் 30 வோல்ட் வரை ஒரே விளக்கு வேலை செய்யும் மாடல்கள் உண்டு, ஆகவே 12 வோல்ட் ஜேசிபிக்கும் 24 வோல்ட் டிப்பருக்கும் ஒன்றையே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

குறையும் இருக்கிறது. எல்இடியின் ஒளி நேராகப் பாயும். லென்ஸ் சரியாக அமையாவிட்டால் நேரே நின்று பார்த்தால் கண் கூசும், கொஞ்சம் சாய்வாகப் பார்த்தால் மங்கிப்போகும். சூடு முன்பக்கம் வராமல் சில்லின் முதுகுப் பக்கம் சேரும். அதை வாங்கிக்கொள்ள அலுமினியத் தகடு இல்லாத விளக்கு சித்திரை வெயிலில் கூரை மேல் வெந்து சில மாதத்தில் மங்கும். பெட்டி மேல் 50,000 மணி நேரம் என்று அச்சடித்திருப்பார்கள். தினம் எட்டு மணி நேரம் என்றால் 17 வருடம் வருகிறது. சில் வரலாம், அதற்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட்டும் ரப்பர் சீலும் அதுவரை வராது. கெட்டால் முழு விளக்கையும் தூக்கிப் போட வேண்டியதுதான், ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

படி 4: பேட்டரிக் கணக்கு

இதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை, ஆனால் ஐந்து நிமிட வேலை. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 55-ஐ 12-ஆல் வகுத்தால் 4.6, மோட்டாரையும் சேர்த்தால் 5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது இது ஒரு பொருட்டே இல்லை, ஆல்டர்னேட்டர் பார்த்துக்கொள்ளும். எஞ்சினை அணைத்துவிட்டு விளக்கை மட்டும் எரியவிடும்போதுதான் கணக்கு உதைக்கும். ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் ஆம்பியர்-அவர். 80 ஆம்பியர்-அவர் பேட்டரி, இரண்டு ஹாலஜன் விளக்கு, நாலு மணி நேரம் என்றால் 40 ஆம்பியர்-அவர் போய்விட்டது. பாதி பேட்டரி. பேட்டரி கொஞ்சம் பழசாக இருந்தால் விடிகாலையில் ஸ்டார்ட் ஆகாது. அதே இடத்தில் 15 வாட் எல்இடி இரண்டு போட்டால் மொத்தம் இரண்டரை ஆம்பியர், நாலு மணி நேரத்துக்கு 10.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய பிறகு, மின்கம்பம் நடும் வண்டிகளும் மரம் அகற்றும் வண்டிகளும் ரோட்டோரமே கிடையாகக் கிடந்தன. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் வந்து புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோதும் அப்படித்தான். கரண்ட் இல்லை, தெருவிளக்கு இல்லை, டீசல் கிடைக்குமா தெரியாது. அந்த மாதிரி ராத்திரிகளுக்காகவே நான் எல்இடி பக்கம் சாய்கிறேன். எஞ்சினை அணைத்துவிட்டு விடியும்வரை விளக்கை எரியவிட முடியும்.

படி 5: ராத்திரிக்கு எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள்

எல்இடி வந்த பிறகு பிரச்சினை தலைகீழாகிவிட்டது. முன்பு வெளிச்சம் போதவில்லை, இப்போது அளவுக்கு மீறிப் போகிறது. இருட்டான நெடுஞ்சாலையில் கூரை மேல் எட்டு பத்து சில் ஒன்றாக வெடித்து வெடித்து எரிந்தால், எதிரே வருபவருக்கு அந்த வெளிச்சம் மட்டுமே தெரியும். விளக்குக்குக் கீழே சட்டைமேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கோன் வைக்கும் பையன் தெரியமாட்டான். அவனைக் காப்பாற்றத்தான் விளக்கு மாட்டினோம்.

அதனால் பகல், ராத்திரி என்று இரண்டு அளவில் எரியும் மாடலாகப் பாருங்கள். நல்ல பீக்கனில் இதற்கென்று தனியாக ஒரு ஒயர் வரும். அதை பார்க்கிங் லைட் ஒயரோடு இணைத்துவிட்டால் லைட் போட்டதும் பீக்கன் தானாக அடங்கும். ஐரோப்பியத் தரமான ஈசிஇ ஆர்65-இல் இப்படி இரண்டு அளவுக்கு இடம் உண்டு. நிமிடத்துக்கு 120 முதல் 240 முறை மின்ன வேண்டும் என்பதும் அந்தத் தரத்தில்தான். அமெரிக்காவின் எஸ்ஏஇ ஜே845 விளக்கை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. சாலையில் வேலை செய்யும் வண்டிக்கு முதல் அல்லது இரண்டாம் வகுப்பு எடுக்கலாம். விளக்கின் அடிப்பாகத்தில் இந்த எண்கள் அச்சாகவோ செதுக்கியோ இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் மட்டும் இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

மின்னும் முறைகள் இருபது, முப்பது என்று பெருமையாகச் சொல்வார்கள். உங்களுக்குத் தேவை ஒன்று: சுற்றுவது போலத் தெரியும் முறை, அல்லது நிதானமான இரட்டை மின்னல். படபடவென்று அடிக்கும் முறையைப் போட்டால் ஸ்ட்ரோபின் அத்தனை வினையும் எல்இடியிலும் வந்து சேரும். அது சிலருக்கு வலிப்பைக்கூடத் தூண்டலாம். இரண்டு விளக்கு மாட்டினால், இரண்டையும் ஒரே தாளத்தில் மின்ன வைக்கும் சிங்க் ஒயரால் இணைத்துவிடுங்கள். ஆளுக்கொரு தாளத்தில் மின்னினால் பார்ப்பவருக்குக் குழப்பம்தான்.

மஞ்சள் விளக்கு பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று ஒரு பேச்சு உண்டு. மார்கழி விடியலில் பண்ருட்டி, நெய்வேலி பக்கம் இறங்கும் மூடுபனியின் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பனியில் உதவுவது விளக்கைக் கொஞ்சம் குறைத்து எரியவிடுவது.

படி 6: உப்புக்காற்று

கடலூர் முதுநகர் துறைமுகத்திலோ தேங்காய்த்திட்டிலோ மீன் ஏற்றும் வண்டி வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெயிண்ட் உரிந்த இடத்தில் ஒரு வாரத்தில் துரு. விளக்கைப் பொறுத்தவரை மூன்று இடத்தைப் பாருங்கள். ஸ்க்ரூ எஸ்எஸ்-ஆக, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். காந்தம் வைத்துப் பார்த்தால் அதில் 304, 316 என்ற ரகங்கள் பெரும்பாலும் ஒட்டாது. அலுமினிய உடல் பவுடர் கோட் போட்டதாக இருக்க வேண்டும். ஒயர் வெளியே வரும் ஓட்டையில் ரப்பர் இறுக்கமாக இருக்க வேண்டும். தண்ணீர் பெரும்பாலும் அந்த வழியில்தான் நுழைகிறது.

தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தாங்கும் என்று சொல்வது ஐபி எண். அதில் 65 என்றால் தண்ணீர் பீய்ச்சினால் தாங்கும். 67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் பம்ப் வைத்து அடிக்கும் வண்டியாக இருந்தால் 69கே தேடுங்கள். கிடைக்காவிட்டால் 67 வாங்கிவிட்டு, விளக்குக்கு நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று சர்வீஸ் பையனிடம் சொல்லிவிடுங்கள். ஹாலஜனில் உள்ளே ஈரம் போனாலும் பல்ப் சூட்டில் காய்ந்துவிடும். எல்இடிக்குள் போன ஈரம் அப்படியே நிற்கும், சர்க்யூட்டைப் பச்சை பூக்க வைக்கும்.

டோமை டீசலிலோ தின்னரிலோ துடைக்காதீர்கள், பாலிகார்பனேட் மயிரிழையாக வெடித்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

படி 7: எங்கே வைப்பது

விளக்கைச் சுற்றி நடந்து பார்த்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் மறையக் கூடாது. ஜேசிபியின் பின்கை மடங்கி நிற்கும்போது கேபின் நடுவில் இருக்கும் விளக்கைப் பின்னாலிருந்து மறைக்கும். ஓரமாக இரண்டு வைப்பதே நல்லது. டிப்பரில் கேபின் மேல் வைத்தால் தொட்டி மறைக்கும். பின்சட்டத்தில் இரண்டு தட்டையான பிளிங்கர் வைத்துவிடுங்கள். தண்ணீர் டேங்கருக்கும் இதே கதை. ரெக்கவரி வண்டியில் வேலையே பின்பக்கம்தான், ஆள் நிற்பதும் அங்கேதான். கேபின் மேல் பட்டை விளக்கு இருந்தாலும், தூக்கிய கார் அதை மறைக்கும் என்பதை வைத்துப் பின்பக்க விளக்கைத் தனியாகத் திட்டமிடுங்கள்.

நீளமான லோடுக்கு முன்னும் பின்னும் போகும் பைலட் காருக்குக் காந்த அடி வைத்த எல்இடி சௌகரியம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் எடுத்து உள்ளே வைத்துவிடலாம். வைக்கும் முன் கூரையைத் துடைத்துவிடுங்கள். மணல் துகள் நடுவே மாட்டினால் பிடிப்பும் போகும், பெயிண்ட்டும் போகும்.

சிப்காட் ரசாயன ஆலைகளுக்குள் போகும் வண்டிக்குத் தனிக் கவனம். தீப்பிடிக்கும் ஆவி சேரக்கூடிய பகுதிக்குள் சாதாரண விளக்கு எதுவுமே ஆகாது. சுழல் விளக்கின் பிரஷ் மோட்டார் பொறி விடும், ஸ்ட்ரோபில் உயர் வோல்ட்டேஜ் ஓடும். அங்கே பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஃப்ளேம்ப்ரூஃப் விளக்குதான் போட வேண்டும். எந்தப் பகுதிக்கு எது என்று ஆலையின் பாதுகாப்பு அதிகாரி சொல்வதே முடிவு. நெய்வேலிச் சுரங்கத்துக்குள் வண்டி விடுபவர்களும் அப்படியே, ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

படி 8: கடையில் சோதித்துப் பார்ப்பது

மல்ட்டிமீட்டர் இருந்தால் எடுத்துப் போங்கள். பெட்டியில் 40 வாட் என்று போட்டிருக்கும், மீட்டர் ஒரு ஆம்பியர்கூடக் காட்டாது. அதில் தெரிந்துவிடும் லட்சணம். விளக்கை எரியவிட்டு நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் நின்று பாருங்கள், பிறகு உட்கார்ந்து பாருங்கள், பிறகு சுற்றி வாருங்கள். முடிந்தால் உச்சி வெயிலில் வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு நூறு மீட்டர் நடந்து திரும்பிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அரை மணி நேரம் எரிந்ததும் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது, சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம். நல்ல பவர் என்று சொல்லப்படும் விளக்கின் உடல் சில்லென்று இருந்தால், ஒன்று பவர் பொய், இல்லை சூடு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. அப்புறம் பக்கத்தில் ஒரு எஃப்எம் ரேடியோவை வைத்துப் பாருங்கள். இரைச்சல் வந்தால் டிரைவர் சர்க்யூட் மட்டம். வாக்கி டாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யும் தளத்தில் இது பெரிய தொல்லை. ஸ்ட்ரோபிலும் இந்த இரைச்சல் உண்டு.

படி 9: ஒயரிங்

நல்ல விளக்கை வாங்கிவிட்டு நூல் மாதிரி ஒயரில் இணைப்பவர்கள் நிறைய. பேட்டரியிலிருந்து விளக்குக்கு ஆறு மீட்டர் என்றால் போக வர பன்னிரண்டு மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஒரு வோல்ட் போய்விடும். ஹாலஜனுக்கு 12 போய் 11 கிடைத்தால் வெளிச்சத்தில் கால் பங்கு காலி. 2.5 ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். சரியான டிரைவர் சர்க்யூட் உள்ள எல்இடிக்கு ஒரு வோல்ட் குறைந்தாலும் வெளிச்சம் மாறாது, ஆனால் ஒயர் சூடாவதும் இணைப்பு தளர்வதும் அதற்கும் பொதுதான்.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கிளம்பியதும் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். ஒரு 12 வோல்ட் ஹாலஜனுக்கு 7.5 ஆம்பியர், இரண்டு என்றால் 15, அதற்கேற்ற ஒயரோடு. அடுத்து ரிலே, அதாவது சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். ஃபியூஸிலிருந்து ரிலேயின் 30-ஆம் முனைக்கு, 87-ஆம் முனையிலிருந்து விளக்குக்கு, 86-க்கு சுவிட்ச், 85 எர்த். டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக முழு கரண்டையும் ஓட்டினால் சுவிட்ச்தான் முதலில் உருகும். எர்த்தை அருகில் தெரிகிற ஏதோ ஒரு போல்ட்டில் சுற்றாமல், பெயிண்ட்டைச் சுரண்டி, லக் அடித்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கடற்கரை ஊரில் எர்த் புள்ளிதான் முதலில் பூக்கும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல் சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடச் சொல்லுங்கள். கூரையில் ஓட்டை போட்டால் அதைச் சுற்றி சிலிகான், ஓட்டைக்குள் ரப்பர் கிரோமெட்.

24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் ஹாலஜன் மாட்டினால் போட்ட நொடியே பல்ப் போய்விடும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்துக் கொடுக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அந்தப் பேட்டரி மட்டும் எப்போதும் குறைசார்ஜில் கிடந்து சீக்கிரம் செத்துப்போகும். அப்படிச் செய்ய விடாதீர்கள்.

சுவிட்சில் ஒரு சின்ன பைலட் பல்ப் இருக்கட்டும், விளக்கு எரிவதை டிரைவர் மறக்காமல் இருக்க. வேலை இல்லாமல் சும்மா ஓடும்போது அணைத்துவிட வேண்டும். எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் விளக்கை ரோட்டில் யாரும் மதிப்பதில்லை. ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை டோமைக் கழற்றித் துடைத்து, ரப்பர் சீலைப் பார்த்து, வெடித்திருந்தால் மாற்றி, எர்த் லக்கைச் சுரண்டி மறுபடி இறுக்குங்கள். ஹாலஜன் வைத்திருந்தால் ரப்பர் வளையம் ஒன்றும் பல்ப் இரண்டும் கேபினில் கிடக்கட்டும்.